"யாரைப் பார்க்கணும்ங்க?"

பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்திவிட்டு ஒருவர் நிற்கிறார். நேற்றும் இதே நேரத்தில் பார்த்த மாதிரி ஞாபகம். தெருவில் யாருக்கும் அவரைத் தெரியவில்லை. அடிவயிற்றில் ஏதோ பிசைகிறது. என்ன செய்வது? ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை இது. டீயைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுங்கள். பதறிக் கத்த வேண்டாம். "வாங்கடா, பால் ஆறுது" என்றால் போதும். நாம் பதறினால் பிள்ளையின் மனதில் நம் பதற்றம் மட்டுமே பதியும். எதற்காகப் பதறினோம் என்பது பதியாது.

அடுத்ததாக நீங்கள் வெளியே வாருங்கள். நம்மில் பலர் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறோம். பக்கத்து வீட்டில் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று, "யாரைப் பார்க்கணும்ங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலையாக வந்தவர் என்றால் கதவு எண்ணையோ ஒரு பெயரையோ சொல்வார். வாடகைக்கு வீடு தேடுபவர், கூரியர் கொண்டுவந்தவர், மின் கணக்கெடுக்க வந்தவர், இப்படி யாராகவும் இருக்கலாம். தப்பான எண்ணத்தோடு வந்தவர் என்றால், தன் முகத்தை இரண்டு பேர் நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள் என்பதே அவருக்கு உறுத்தும். பெரும்பாலும் வண்டியைக் கிளப்பிவிடுவார்.

பதில் சொல்லத் தடுமாறினால்? தடுமாறுவது குற்றமில்லை. பக்கத்து மனையில் கட்டட வேலைக்கு வந்த ஒடிசாக்காரருக்குத் தமிழ் வராது. ஞாபகமறதி உள்ள பெரியவருக்குத் தன் வீடே தெரியாது. பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர், குப்பையில் பிளாஸ்டிக் பொறுக்குபவர், மனநலம் குன்றித் திரிபவர் என்று எளியவர்கள் மேல்தான் நம் சந்தேகம் முதலில் பாய்கிறது. அதனால் ஆளின் சட்டையையும் நிறத்தையும் விட்டுவிட்டு, அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிள்ளையிடம் பெயரும் பள்ளியும் விசாரிக்கிறாரா? மிட்டாய் காட்டிக் கூப்பிடுகிறாரா? போனில் பிள்ளைகளைப் படம் எடுக்கிறாரா? பள்ளி விடும் நேரம் பார்த்து மறுபடி மறுபடி வருகிறாரா? இதில் ஒன்று இருந்தாலும் அவசர உதவி எண் 112-க்கு அடித்துவிடுங்கள்.

"சார், சந்தேகமா ஒருத்தர் நிக்கிறார்" என்று சொன்னால் காவலருக்கு வேலை செய்ய ஒன்றும் இருக்காது. "நேத்தும் இன்னிக்கும் நாலு மணிக்கு வந்தார், பச்சைச் சட்டை, கறுப்பு பைக், நம்பர் இது, என் பிள்ளைகிட்ட எந்த ஸ்கூல்னு கேட்டார், இப்ப மெயின் ரோடு பக்கம் போறார்" என்று சொன்னால் ரோந்து வண்டி எங்கே போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். கண்ணால் பார்த்ததை அங்கேயே ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் சட்டையின் நிறம்கூட மறந்துபோகும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அவரைப் படம் எடுத்து, "உஷார், பிள்ளை பிடிக்கிறவன்" என்று வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் நடந்ததை நாம் மறக்கக்கூடாது. குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவர்கள் சாக்லேட் கொடுத்தார்கள். பிள்ளை கடத்தும் கும்பல் என்று செய்தி பரவி, ஊர் கூடி அடித்ததில் 65 வயது மூதாட்டி ஒருவர் இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவரைக் கும்பல் அடித்தே கொன்றது. அப்போது செல்போன்களில் சுற்றிய ஒரு வீடியோவில், பைக்கில் வந்த இருவர் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் பெற்றோரை எச்சரிக்க எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவந்து விடும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பியிருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்ததற்கு இதுபோன்ற சாவுகளே காரணம்.

கண்ணெதிரே ஒருவர் பிள்ளையைத் தூக்கினால் தடுக்கலாம், பிடிக்கலாம். ஜாமீனில் வர முடியாத குற்றத்தைக் கண்முன் செய்பவரைப் பொதுமக்களே பிடித்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், காவல்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

தெருவில் செய்ய வேண்டியது அவ்வளவுதான். மீதி எல்லாம் வீட்டுக்குள் இருக்கிறது. எனக்கு அதிகக் கவலை தருவதும் அதுதான்.

"தெரியாதவங்ககிட்ட பேசாத" என்று சொல்லி வளர்க்கிறோம். ஐந்து வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை, இரண்டு தடவை பார்த்துச் சிரித்தவர் தெரிந்தவர்தான். 'தெரியாதவர்' என்றால் மீசையும் கோணிப்பையும் வைத்திருக்கும் பூச்சாண்டி. நன்றாக உடுத்திய அக்கா ஒருத்தர், "அம்மா கீழ விழுந்துட்டாங்க, ஆஸ்பத்திரியில இருக்காங்க, வா போகலாம்" என்றால் பிள்ளை கிளம்பிவிடும். அதனால் ஆளை வைத்து எச்சரிக்காதீர்கள், செயலை வைத்து ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: "யார் கூப்பிட்டாலும், எங்க போறதா இருந்தாலும், முதல்ல எங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போகணும்." அத்தை கூப்பிட்டாலும் இதுதான் விதி, ஆட்டோக்காரர் கூப்பிட்டாலும் இதுதான்.

தெரிந்தவர்களையும் ஏன் சேர்க்கிறேன் என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. வேப்பமரத்தடியில் நிற்பவரைக் கவனிக்கத்தான் வேண்டும். அவரை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குள் வந்து போகிறவரைத் தவறவிட்டுவிடுவோம். "இதை அம்மாகிட்ட சொல்லாத" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை உடனே அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்பதையும் விதியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு வேறு ஆளை அனுப்ப நேரிடும். அதற்காக வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் இருக்கட்டும். 'புளியோதரை' என்றோ 'ஒட்டகம்' என்றோ, பிள்ளைக்குப் பிடித்த எதுவானாலும் சரி. அழைக்க வருபவர் அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கூடப் போக வேண்டும். ஒரு தடவை பயன்படுத்தினால் அன்றே மாற்றிவிடுங்கள்.

கத்துவதற்கும் பழக்க வேண்டும். கூட்டமான கடைத்தெருவில் ஒரு பிள்ளை "வேணாம், விடு" என்று அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பொம்மை கேட்டு அடம் பிடிக்கிறது, அப்பா இழுத்துக்கொண்டு போகிறார் என்று நினைப்பார்கள். "இவர் எங்கப்பா இல்ல! எனக்கு இவர் யாருன்னே தெரியாது!" என்று கத்தினால் பத்துப் பேர் நிற்பார்கள். மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் இதைத் தொண்டை திறந்து கத்த வையுங்கள். விளையாட்டாகவே செய்யலாம். வாயால் ஒருமுறை சொல்லிப் பழகாத வாக்கியம் ஆபத்தில் வெளியே வராது.

பள்ளி அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, அப்பா பெயர், செல் நம்பர், வீட்டு விலாசம் எல்லாம் நெஞ்சில் தொங்குகிறது. பெயர் சொல்லி அழைப்பவரைப் பிள்ளை நம்பும். பள்ளி வாசலைத் தாண்டியதும் அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பையின் வெளிப்புறத்தில் பெயர் எழுதாதீர்கள்.

பாட்டிமார்களிடம் ஒரு வேண்டுகோள். "சாப்பிடலேன்னா போலீஸ்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்" என்பதை விட்டுவிடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளை அடுத்து நிற்கும் காவலரைப் பார்த்து ஒளிந்துகொண்டால், அந்தப் பயத்தை ஊட்டியது நாம்தான். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நில், காவலரிடம் சொல், இல்லையென்றால் கையில் குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடம் சொல் என்று பழக்குங்கள். அப்பாவின் செல் நம்பரைப் பாட்டு மாதிரி ராகம் போட்டுச் சொல்லிக்கொடுத்தால் நாலு வயதில் மனப்பாடம் ஆகிவிடும்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் முதலில் சம்ப், கிணறு, தண்ணீர்த் தொட்டி, நிறுத்திவைத்த கார் எல்லாவற்றையும் ஓடிப் பாருங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அங்கே கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து. ஒருவர் தேடும்போதே இன்னொருவர் 112-ஐ அழைக்கட்டும். 24 மணி நேரம் காத்திருந்துதான் புகார் தர வேண்டும் என்பது வெறும் பேச்சு, அப்படி ஒரு சட்டம் கிடையாது. காணாமல் போன பிள்ளை பற்றிய புகார் வந்தால் உடனே வழக்குப் பதிய வேண்டும், கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டிருக்கிறது. எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

பிள்ளையே வந்து, "ஒரு மாமா என்னைக் கூப்பிட்டார்" என்று சொன்னால், "நீ ஏன் அங்க போன?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "சொன்னது நல்லதாப் போச்சு, தப்பு உன் மேல இல்ல" என்று சொல்லி மடியில் உட்கார வைத்துக்கொண்டு, அது சொல்கிற வேகத்திலேயே கேளுங்கள். தொட்டதாகவோ அதற்கு மேலோ சொன்னால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்டேஷனுக்கு இழுத்துப் போவார்களே என்று தயங்க வேண்டாம். போக்சோ சட்டப்படி பிள்ளையிடம் வீட்டிலேயே, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்துதான் வாக்குமூலம் வாங்க வேண்டும்.

இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அந்த ரகசியச் சொல்லை முடிவு செய்துவிடுங்கள். எது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.