கிடைக் காவலுக்குக் கைப்பெட்டி மின்சாரம்: வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை அமர்த்துவது தமிழக உழவர்களின் நெடுநாளைய பழக்கம். 'ஆட்டு எரு அந்த வருடம், மாட்டு எரு மறு வருடம்' என்பது அனுபவத்தில் பிறந்த மொழி. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களைச் சேர்ந்த கீதாரிகள் மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசனப் பகுதி வரை சென்று, கோடை முழுவதும் வயலுக்கு வயல் கிடை மாற்றித் தங்குகின்றனர். மலையடிவார ஊர்களில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிட்டோர் காட்டுப் பன்றிக்கு அஞ்சிப் பரணில் இரவைக் கழிக்கின்றனர். வாத்து மேய்ப்போரும், தேனீப் பெட்டிகளை இடம் மாற்றுவோரும் இவ்வாறே வெட்டவெளியில் தங்க வேண்டியவர்கள்தாம்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான குறை இருட்டு. கம்பம் நட்டு மின்சாரம் கொண்டு வர முடியாத இடங்கள் இவை. அரிக்கேன் விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிதாகிவிட்டது. தரையில் படுத்திருப்பவரைக் கட்டுவிரியன் கடித்தால், கடித்ததுகூடத் தெரியாமல் போவதுண்டு. அந்த நேரத்தில் செல்போனில் சார்ஜ் இல்லையென்றால் 108 ஆம்புலன்சை அழைக்கவும் வழியிராது. எனவே வெளிச்சமும் செல்போனும் கிடைக்காரருக்கு ஆடம்பரம் அல்ல, உயிர்க் காப்பு.

இத்தேவைக்குப் பயன்படக்கூடிய கருவி ஒன்று இப்போது சந்தையில் கிடைக்கிறது. சூரிய ஒளியில் மின்சாரம் தரும் மடக்குப் பலகையும், அம்மின்சாரத்தைச் சேமிக்கும் கைப்பிடி வைத்த பெட்டியும் சேர்ந்தது இது. மேலை நாடுகளில் கூடாரம் அடித்துத் தங்கும் உல்லாசப் பயணிகளுக்காக விற்கப்பட்டு வந்த இக்கருவி, நம் கிடைக்கும் பரணுக்கும் பொருந்தும். ஆனால் விவரம் அறியாமல் வாங்கினால், இரண்டு மூன்று ஆடு விற்ற பணம் வீணாகும்.

ஊற்று, தொட்டி, மடை

இக்கருவியைப் புரிந்துகொள்ளக் கிணற்றுப் பாசனத்தை நினைத்துக்கொண்டால் போதும். சூரியப் பலகை என்பது ஊற்று. பெட்டிக்குள் இருக்கும் பேட்டரி என்பது தொட்டி. மின்சாரத்தை வெளியே எடுக்கும் துளைகள் மடை.

பலகையின் அளவும் மடையின் அளவும் 'வாட்' கணக்கில் சொல்லப்படுகின்றன. தொட்டியின் கொள்ளளவு 'வாட்-மணி' கணக்கில் சொல்லப்படுகிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். பெட்டியின் மேல் '500 வாட்' என்று பெரிதாக எழுதியிருந்தால், அது மடையின் அகலம் மட்டுமே. தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை அது சொல்லாது. மடை எவ்வளவு அகலமாயினும், தொட்டி சிறிதானால் நொடியில் வற்றிவிடும்.

வீட்டு மின் மீட்டரில் 1 யூனிட் என்பது 1000 வாட்-மணி. 250 வாட்-மணிப் பெட்டியில் அடங்குவது கால் யூனிட்தான். 1 குதிரைத்திறன் மோட்டாருக்கு ஏறத்தாழ 750 வாட் வேண்டும். கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஆகவே இப்பெட்டியால் மோட்டார் ஓட்டலாம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். வெளிச்சம், செல்போன், டார்ச் லைட், சிறு விசிறி, பேட்டரித் தெளிப்பான் ஆகியவற்றுக்கே இது ஏற்றது.

சில பெட்டிகளில் வாட்-மணி குறிக்கப்படாமல் 'மில்லி ஆம்பியர்-மணி' மட்டும் இருக்கும். 60,000 என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். அதை 1000 ஆல் வகுத்து, பேட்டரியின் வோல்ட் அளவால் பெருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிகள் பலவற்றுக்கு இது 3.7 வோல்ட். எனவே 60 × 3.7 = 222 வாட்-மணி. இதுவே உண்மையான கொள்ளளவு.

கிடைக்கு எவ்வளவு தேவை?

ஒரு கிடையில் இருவர் தங்குவதாக வைத்துக்கொண்டு ஓர் இரவுத் தேவையைக் கணக்கிடலாம்.

5 வாட் எல்.இ.டி. விளக்கு, மாலை முதல் 5 மணி நேரம்: 25 வாட்-மணி.

3 வாட் சிறு விளக்கு, விடியும் வரை 6 மணி நேரம்: 18 வாட்-மணி.

2 செல்போன்களை முழுதாகச் சார்ஜ் செய்ய: 50 வாட்-மணி.

டார்ச் லைட் ஒன்றுக்கு: 10 வாட்-மணி.

ஆக மொத்தம் 103 வாட்-மணி. வாய்க்காலில் நீர் கசிவதுபோல் பெட்டிக்குள்ளும் மின்சாரம் ஓரளவு வீணாகும். இதற்காகக் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 130 வாட்-மணி வரும். வானம் மூடிய ஒரு நாளைக்கும் சேர்த்து இருப்பு வேண்டுமென்றால் 260. ஆகவே 250 முதல் 300 வாட்-மணி வரையுள்ள பெட்டி ஒரு கிடைக்குப் போதும். இதன் எடை ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ. 1000 வாட்-மணிப் பெட்டி இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் கனக்கும். விலையும் அதற்கேற்ப உயரும்.

பலகையின் கணக்கும் எளிதுதான். தமிழகத்தில் தெளிந்த நாளில் முழு வெயிலுக்குச் சமமான ஒளி சுமார் 5 மணி நேரம் கிடைக்கும். 50 வாட் பலகை 250 வாட்-மணி தர வேண்டும். ஆனால் சூடு, தூசு, வயர் இழப்பு ஆகியவை போக மூன்றில் இரு பங்கு, அதாவது 165 வாட்-மணியே பெட்டிக்கு வந்து சேரும். நாள் தேவையான 130 க்கு இது போதும். ஆனால் ஒரு நாள் மழை மூட்டத்தில் பெட்டி வற்றிவிட்டால், அந்த இழப்பை ஈடுகட்ட நான்கு நாளாகும். வசதியுள்ளவர்கள் 100 வாட் பலகை வாங்கினால் மறுநாளே ஈடாகிவிடும்.

பரண் காவலுக்குக் கணக்கு வேறு. கிடை கோடையில் நடப்பது. மானாவாரி மக்காச்சோளக் காவலோ ஐப்பசி, கார்த்திகை மழையில் நடப்பது. அந்நாட்களில் பலகையை நம்பியிருக்க இயலாது. தோட்டத்திற்கும் வீட்டிற்கும் நடை தூரமே என்றால், பகலில் பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் சென்று வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்துகொள்வதே சிக்கனம். இத்தகையோர் பலகைக்குச் செலவிடத் தேவையில்லை. விளக்கு வெளிச்சம் பன்றிகளுக்கு நாளடைவில் பழகிவிடும் என்பதையும் மறக்கலாகாது. விளக்கு காவலாளுக்குத் துணையே தவிர, காவலாளுக்கு ஈடாகாது.

எந்தப் பேட்டரி நல்லது?

பெட்டிகளில் இருவகை லித்தியம் பேட்டரிகள் வருகின்றன. அவற்றுள் 'லித்தியம் அயர்ன் பாஸ்பேட்' என்ற வகை நம் வெயிலுக்கு ஏற்றது. இப்பொருளைப் பேட்டரிக்குப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க அறிஞர் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997இல் வெளியிட்டனர். லித்தியம் பேட்டரி ஆய்வுக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வகை எளிதில் தீப்பற்றாது. 2000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றி இறக்கலாம். மற்ற வகை ஏறத்தாழ 500 முதல் 1000 முறையில் தளர்ந்துவிடும். விலை சற்றுக் கூடினாலும் முதல் வகையே இலாபம்.

விலையை ஒப்பிட எளிய வழி, விலையை வாட்-மணியால் வகுப்பதாகும். 250 வாட்-மணிப் பெட்டி ரூ.15,000 என்று கடைக்காரர் சொன்னால், ஒரு வாட்-மணிக்கு ரூ.60 ஆகிறது. இவ்வாறு இரண்டு மூன்று பெட்டிகளைக் கணக்கிட்டுப் பார்த்தபின் முடிவு செய்வது நலம்.

கைப்பணம் குறைவானவர்கள் பலகை, சார்ஜ் கட்டுப்படுத்தும் கருவி, 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி, 12 வோல்ட் விளக்கு எனத் தனித்தனியே வாங்கி இணைத்துக்கொள்ளலாம். பழுதானால் பக்கத்து ஊர்க் கடையிலேயே மாற்றலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் ஈய-அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்; எடையும் அதிகம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

1. வாட்-மணி எவ்வளவு, பேட்டரி எந்த வகை என்பன பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருக்க வேண்டும்.

2. பலகையிலிருந்து எத்தனை வோல்ட் வரை பெட்டி தாங்கும் என்று கேட்டறிய வேண்டும். '12 வோல்ட் பலகை' எனப்படுவது இணைப்பில்லாதபோது 21, 22 வோல்ட் வரை காட்டும். பெட்டி இதைத் தாங்காவிடில் பழுதாகும்.

3. பலகையின் வயர் முனை பெட்டியின் துளைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே வெயிலில் வைத்துப் பார்த்துவிட வேண்டும்.

4. இரசீதும், உத்தரவாதச் சீட்டும் இல்லாமல் வாங்கக் கூடாது.

5. மடக்குப் பலகை இலேசானது. கண்ணாடிப் பலகை கனமானது, ஆயினும் நெடுநாள் உழைக்கும். வண்டி வைத்திருப்போர் கண்ணாடிப் பலகையே வாங்கலாம்.

வெயில் பலகைக்கு, நிழல் பெட்டிக்கு

கிடையில் பலர் செய்யும் தவறு, பலகையோடு பெட்டியையும் வெயிலில் வைப்பது. பேட்டரிக்குச் சூடு பகை. 45 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும். எனவே 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் 10 மீட்டர் வாங்கி, பலகையை வெயிலிலும் பெட்டியை மர நிழலிலோ வண்டிக்கு அடியிலோ வைக்க வேண்டும். மெல்லிய வயர் வாங்கினால் மின்சாரம் வழியிலேயே வீணாகும். வைக்கோல் போருக்கு அருகில் பெட்டியை வைப்பது ஆகாது.

பலகையைக் காலையில் கிழக்கு நோக்கியும், உச்சியில் வானம் பார்த்தும், பிற்பகல் மேற்கு நோக்கியும் திருப்பி வைத்தால் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகக் குறையும். தூசியை அதிகாலையில் பலகை குளிர்ந்திருக்கும்போது நீரால் துடைக்க வேண்டும். ஆடுகள் பலகையை மிதிக்கும், வயரைக் கடிக்கும். ஆகவே பட்டிக்கு வெளியே, உயரத்தில் வைத்தல் வேண்டும்.

230 வோல்ட் பகுதியைத் தேவையின்றி இயக்கி வைத்தால், விளக்கு எரியாதபோதும் அது சில வாட் தின்றுகொண்டிருக்கும். 5 வாட் வீதம் 10 மணி நேரத்தில் 50 வாட்-மணி போய்விடும். இது இரண்டு செல்போன்களுக்கான மின்சாரம். யு.எஸ்.பி. துளையிலேயே எரியும் விளக்குகளைப் பயன்படுத்தினால் இந்த இழப்பு இல்லை.

விளக்கைக் கட்டிலுக்கு நேர் மேலே தொங்கவிடாமல் சற்றுத் தள்ளிக் கட்ட வேண்டும். வெளிச்சத்திற்குப் பூச்சிகள் வரும். பூச்சிக்குத் தவளை வரும். தவளையைத் தேடிப் பாம்பு வரும். தரையில் படுக்காமல் கட்டிலில், கொசுவலையின் ஓரங்களைச் செருகிக்கொண்டு படுப்பதே பாதுகாப்பு.

கிடைக் காலம் முடிந்தபின் லித்தியம் பெட்டியைப் பாதி அளவு சார்ஜில் வைத்து, இரண்டு மூன்று மாதத்திற்கு ஒரு முறை ஏற்றிவைக்க வேண்டும். அடியோடு வற்றிய நிலையில் போட்டுவைத்தால் மீண்டும் உயிர் பெறாது. உப்பிப்போன பேட்டரியைச் சார்ஜ் செய்யவோ உடைத்துப் பார்க்கவோ கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு, 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளருடையது.

வேலியில் இணைக்காதீர்

இறுதியாக, மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பெட்டியின் 230 வோல்ட் துளையிலிருந்து கம்பி இழுத்துப் பயிரைச் சுற்றிக் கட்டும் எண்ணம் எவருக்கும் வரலாகாது. அது வீட்டு மின்சாரத்தைப் போலவே ஆளைக் கொல்லவல்லது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, வயலில் சட்டவிரோதமாக அமைக்கப்பட்ட மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. இத்தகைய வேலிகளில் மனிதர்களும் மாண்டிருக்கின்றனர். வேலி அமைத்தவரின் சொந்தக் குடும்பத்தாரும் தப்புவதில்லை. முறையான சூரிய மின்வேலி என்பது முற்றிலும் வேறானது. அதற்கெனச் செய்யப்பட்ட கருவி, நொடிக்கு ஒரு முறை போல மிகக் குறுகிய அதிர்வை மட்டுமே கம்பியில் செலுத்தும். விலங்கு அஞ்சி விலகும், சாகாது. வேலி தேவைப்படுவோர் வேளாண்மைப் பொறியியல் துறையையும் வனத்துறையையும் அணுகி, விதிப்படி அமைத்துக்கொள்ள வேண்டும்.

சுருங்கச் சொன்னால், முதலில் தேவையைத் தாளில் எழுதிக் கூட்ட வேண்டும், பிறகு தொட்டி, அதன் பிறகே ஊற்று. இந்த வரிசையில் கணக்குப் பார்த்து வாங்குவோர், சிறு செலவிலேயே பல கோடைகளுக்குக் கிடையில் வெளிச்சமும், கையில் உயிருள்ள செல்போனும் பெறலாம்.