நியூயார்க் ஸ்டேக்ஹவுஸில் டின்னரா? ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படிங்க

சேலம், நாமக்கல் பக்கம் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பழகியவருக்கு ஒரு கணக்கு தெரியும். சாப்பாடு என்றால் சாதம், குழம்பு, ரசம், மோர் எல்லாம் அதிலேயே அடக்கம். வறுவலுக்குத்தான் தனி காசு. அதே ஆள் ஆன்சைட் வேலைக்காக நியூயார்க் போய், டீம் டின்னருக்கு ஒரு ஸ்டேக்ஹவுஸில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு தலைகீழ். தட்டில் கறி மட்டும்தான் வரும். உருளைக்கிழங்கு கூட தனி பில்!

ஸ்டேக்ஹவுஸ் என்றால் என்ன?

கனமாக வெட்டிய மாட்டிறைச்சித் துண்டை உப்பு, மிளகு மட்டும் போட்டு, கடும் சூட்டில் சுட்டுத் தரும் உணவகம். நியூயார்க்கில் 1885-ல் தொடங்கிய 'கீன்ஸ்', புரூக்ளினில் 1887-ல் தொடங்கிய 'பீட்டர் லூகர்' இரண்டும் இன்றும் ஓடுகின்றன.

வெறும் உப்பு, மிளகில் என்ன ருசி இருக்கப்போகிறது என்று தோன்றலாம். பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிட்டவர்களுக்கு இந்த லாஜிக் ஈஸியாகப் புரியும். நாமக்கல் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கிய அந்த வறுவலில் கரம் மசாலாவுக்கு வேலையில்லை. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். கோழி நன்றாக இல்லையென்றால் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ஸ்டேக்கும் அப்படித்தான்.

விலை ஏன் இவ்வளவு?

முதல் காரணம், தரம். அமெரிக்க வேளாண் துறை மாட்டிறைச்சியைத் தரம் பிரிக்கிறது. 'பிரைம்' முதல் தரம், அடுத்து 'சாய்ஸ்', பிறகு 'செலக்ட்'. தசைக்குள் கொழுப்பு எவ்வளவு மெல்லிய கோடுகளாக ஓடுகிறது என்பதுதான் முக்கியமான அளவுகோல். அந்தக் கொழுப்புக்காக, கடைசி சில மாதங்கள் மாட்டுக்கு மக்காச்சோளம் போன்ற தானியத்தைக் கொடுத்து வளர்க்கிறார்கள். ஆம், நாமக்கல் கோழிப்பண்ணைத் தீவனத்தில் இருக்கும் அதே மக்காச்சோளம்.

இரண்டாவது, 'டிரை ஏஜிங்'. கறியைக் குளிர் அறையில் மூன்று, நான்கு வாரம் அப்படியே வைப்பார்கள். தண்ணீர் வற்றி எடை குறையும், இறைச்சியில் உள்ள நொதிகள் அதை மிருதுவாக்கும். காய்ந்த மேல்பகுதியைச் சீவி எறிந்துவிடுவார்கள். இந்த இழப்பும் விலையில் சேரும்.

அதே ஸ்டேக் நம்ம ஊரில் கிடைக்குமா?

கஷ்டம். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டிய மாடுகளே ஸ்டேக் ஆகின்றன. 1958-ம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, பொதுவாக 10 வயதைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டை வெட்டவே சான்றிதழ் கிடைக்கும். வயதான கறி இறுகியிருக்கும். குழம்பில் வேகவைத்தால் ருசி, நேரடியாகச் சுட்டால் ரப்பர்.

வெயிட்டர் என்ன கேட்பார்?

இரண்டு கேள்விகள். ஒன்று, எந்தப் பகுதி? கறிக்கடையில் 'தொடையா, நெஞ்செலும்பா?' என்று கேட்பது போலத்தான். 'ரிப் ஐ' விலாப் பகுதி, கொழுப்பு அதிகம். 'ஃபிலே' முதுகெலும்பை ஒட்டிய மிருதுவான தசை, கொழுப்பு குறைவு. அளவு அவுன்ஸில் இருக்கும். 16 அவுன்ஸ் என்றால் சுமார் 450 கிராம். வீட்டில் நாலு பேருக்குக் குழம்பு வைக்க வாங்கும் கறி!

இரண்டு, எவ்வளவு வேக வேண்டும்? 'மீடியம் ரேர்' என்றால் உள்ளே சுமார் 55 டிகிரி செல்சியஸ், நடுப்பகுதி சிவப்பாக இருக்கும். தட்டில் கசியும் சிவப்பு நீர் ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அமெரிக்க வேளாண் துறை பரிந்துரைப்பது 63 டிகிரி, அதன்பின் மூன்று நிமிட ஓய்வு. சிவப்பு பிடிக்காவிட்டால் 'மீடியம் வெல்' என்று தயங்காமல் சொல்லலாம்.

பில்லில் என்ன வரும்?

மெனுவில் போட்டிருக்கும் விலை கடைசி விலை இல்லை. 100 டாலருக்குச் சாப்பிட்டால் நியூயார்க் நகர விற்பனை வரி 8.875 சதவீதம், அதாவது சுமார் 9 டாலர். டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம். ஆக, கையை விட்டுப் போவது 130 டாலர் பக்கம். டிப்ஸ் அங்கே இஷ்டப்பட்டுக் கொடுப்பது மாதிரி இல்லை. டிப்ஸ் வாங்கும் ஊழியர்களுக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய குறைந்தபட்ச கூலி, கூட்டாட்சி சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான். 1991-லிருந்து அது மாறவில்லை. பல மாநிலங்களில் இதைவிட அதிகம் என்றாலும், வெயிட்டரின் வருமானம் டிப்ஸை நம்பித்தான் இருக்கிறது.

பீஃப் சாப்பிடாதவர்கள்?

கூச்சப்படவே வேண்டாம். சிக்கன், மீன், இறால் பெரும்பாலான கடைகளில் உண்டு. கீன்ஸில் ரொம்ப பிரபலமான ஐட்டமே 'மட்டன் சாப்'தான். சைவம் என்றால் ஒரு எச்சரிக்கை: உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் இருக்கின்றன, கேட்டுவிடுங்கள்.

அந்த மேஜையில் யார் உட்காரலாம் என்ற கேள்வி புதுசும் இல்லை. ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த கீன்ஸ், நடிகை லில்லி லாங்ட்ரியை உள்ளே விட மறுத்தது. அவர் 1905-ல் வழக்குப் போட்டு ஜெயித்தார் என்று அந்த உணவகமே தன் வரலாற்றில் சொல்கிறது. 'நான் பீஃப் சாப்பிட மாட்டேன்' என்று சொல்ல கோர்ட்டுக்கெல்லாம் போக வேண்டாம், வெயிட்டரிடம் ஒரு வரி போதும். காரணம் யாரும் கேட்க மாட்டார்கள்.