வரைபடத்தை நம்பாத மாணவர்கள்

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46 மணி. ஜப்பானின் வடகிழக்குக் கரையோர நகரமான கமாயிஷியில் வகுப்புகள் முடிந்துகொண்டிருந்தன. 9.0 அளவிலான நிலநடுக்கம் ஊரையே உலுக்கியது. உனோசுமாய் பகுதியின் நடுநிலைப் பள்ளியில் மின்சாரம் போனதால் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. அறிவிப்புக்குக் காத்திராமல் மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள்.

பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளை மூன்றாம் தளத்துக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன், அக்காமார் ஓடுவதைக் கண்டு அவர்களும் இறங்கி ஓடினார்கள். முதலில் சேர்ந்த இடம் ஒரு முதியோர் இல்லம். அதன் பின்புறச் சரிவில் மண் சரிந்துகொண்டிருந்ததால், பெரிய மாணவர்கள் சிறுவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே ஏறினார்கள். சற்று நேரத்தில் பள்ளிகள் இரண்டையும் கடல் மூழ்கடித்தது. ஓடிய ஏறத்தாழ 600 பேரும் பிழைத்தார்கள்.

நகரில் மாண்டோரும் காணாமற்போனோரும் 1,000-க்கு மேல். ஆனால் அங்கிருந்த ஏறத்தாழ 3,000 பள்ளி மாணவர்களில் இறந்தது ஐந்து பேர். அந்த ஐவரும் அன்று பள்ளியின் பொறுப்பில் இருக்கவில்லை.

என்ன கற்றிருந்தார்கள்?

அப்போது குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த தோஷிதகா கதாதா இந்நகரப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பேரிடர்க் கல்வி நடத்திவந்தார். அவர் சொல்லித் தந்தவை மூன்று: முன்கணிப்பை நம்பி இருந்துவிடாதே, அந்த நேரத்தில் முடிந்த அளவு முயற்சி செய், மற்றவர்களுக்கு முன்னால் நீ கிளம்பு.

முதல் பாடத்தின் அருமை அன்று தெரிந்தது. ஆபத்து வரைபடத்தில் அந்தப் பள்ளிகள் வெள்ளம் எட்டாத இடத்தில் இருந்தன. வரைபடம் பழைய அலைகளின் கணக்கில் எழுந்தது. புதிய அலை அந்தக் கணக்கை மீறியது. நிலநடுக்கத்தின் அளவு முதல் நிமிடங்களில் குறைவாக மதிப்பிடப்பட்டதால், கமாயிஷி இருக்கும் மாகாணத்துக்கு வந்த முதல் எச்சரிக்கை 3 மீட்டர் அலை என்றது. பின்னர் 6 மீட்டர், 10 மீட்டருக்கு மேல் என்று உயர்ந்தபோது, மின்வெட்டால் பலருக்கு அது போய்ச் சேரவில்லை.

மூன்றாவது பாடம் மனித சுபாவத்தைப் பற்றியது. அபாயச் சங்கு ஊதினாலும், யாராவது கிளம்பட்டும் என்று ஆளாளுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் ஓடினால்தான் ஊர் நகரும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் இறங்கிவந்தது அப்படித்தான்.

ஒத்திகையே தவறினால்?

அதே உனோசுமாயில் ஒரு பேரிடர்த் தடுப்பு மையம் இருந்தது. சுனாமிக்கு ஒதுங்க உரிய இடமாக அது அறிவிக்கப்படவில்லை. ஆனால் ஒத்திகைகளுக்கு வசதி என்று மக்களை அங்கேயே கூட்டியிருந்தார்கள். அன்றும் பழக்கத்தில் அங்கே போனவர்களில் 160-க்கு மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. இஷினோமாகி நகரின் ஒக்காவா தொடக்கப் பள்ளியிலோ, பின்னால் குன்று இருந்தும் பிள்ளைகள் முக்கால் மணி நேரத்துக்கு மேல் மைதானத்திலேயே நிறுத்தப்பட்டார்கள். 74 குழந்தைகள் பலியானார்கள் அல்லது காணாமற்போனார்கள். முன்னேற்பாடு போதவில்லை என்ற தீர்ப்பை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

நம் கரைக்கு எது பொருந்தும்?

கமாயிஷியில் நில அதிர்வே எச்சரிக்கை மணி. அலை வர அரை மணி நேரம்தான் இருந்தது. தமிழகக் கரையின் நிலை வேறு. 2004-இல் சுமத்ரா அருகே எழுந்த அலை இங்கே வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அப்போது எச்சரிக்கை சொல்ல ஓர் அமைப்பு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. செய்தி வந்தபின் எந்த வழியில், எந்த மேட்டுக்கு, அதுவும் போதாவிட்டால் அடுத்து எங்கே என்பதைக் கரையோரப் பள்ளி ஒவ்வொன்றும் தன் பிள்ளைகளை நடக்கவைத்தே பழக்க வேண்டும்.