வெந்நீர் முந்துமா?

வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் உறைபெட்டியில் வைத்தால் எது முதலில் பனிக்கட்டியாகும்? தண்ணீர்தான் என்று பள்ளிச் சிறுவனும் சொல்லிவிடுவான். ஆனால், 1963-இல் இன்றைய டான்சானியாவில் பள்ளி மாணவராக இருந்த எராஸ்டோ எம்பெம்பா கண்டது வேறு.

அவரது பள்ளியில் மாணவர்கள் ஐஸ்கிரீம் தயாரிப்பதுண்டு. பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறவைத்த பிறகே உறைபெட்டியில் வைக்க வேண்டும். ஒருநாள், பெட்டியில் இடம் பறிபோய்விடுமோ என்ற அவசரத்தில் எம்பெம்பா சூடான பாலையே வைத்துவிட்டார். மற்றொரு மாணவர் காய்ச்சாத பாலை வைத்தார். முதலில் உறைந்தது எம்பெம்பாவின் பால்!

காரணம் கேட்டபோது, 'நீ குழம்பியிருக்கிறாய்' என்றார் ஆசிரியர். மேல்நிலைப் பள்ளியிலும் அதே கேள்வியைக் கேட்டார். இது எம்பெம்பாவின் இயற்பியல், உலகின் இயற்பியல் அல்ல என்ற கேலிதான் மிஞ்சியது. வகுப்பு முழுவதும் அதையே சொல்லிச் சிரித்தது. இத்தனைக்கும், டாங்கா நகர ஐஸ்கிரீம் வணிகர்கள் விரைவில் உறைவதற்காகச் சூடான கலவையையே பயன்படுத்தி வந்தனர். வணிகர் கைக்குத் தெரிந்தது வகுப்பறைக்குள் நுழையவில்லை.

அப்பள்ளிக்கு உரையாற்ற வந்த இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்னிடமும் எம்பெம்பா கேட்டார். சக மாணவர்கள் நகைத்தனர். ஆஸ்போர்ன் நகைக்கவில்லை. தமது பல்கலைக்கழகக் கல்லூரியில் சோதிக்கச் செய்தார். அங்கும் வெந்நீர் முந்தியது. 1969-இல் இருவர் பெயரிலும் ஆய்வுக் கட்டுரை வெளியானது. கேலிக்கு உள்ளான பெயரே 'எம்பெம்பா விளைவு' என்று நிலைத்தது. அரிஸ்டாட்டில் முன்பே இதுபற்றி எழுதியிருக்கிறார் என்பது தனிக்கதை.

விளக்கங்கள் பல சொல்லப்படுகின்றன. வெந்நீர் ஆவியாவதால் உறைய வேண்டிய நீரின் அளவு குறைகிறது; கரைந்துள்ள வாயுக்கள் வெளியேறுகின்றன; சூடான பாத்திரம் அடியிலுள்ள பனிப்படலத்தை உருக்கிக் குளிர்தளத்தோடு நன்கு ஒட்டிக்கொள்கிறது. எனினும், எதுவும் முடிந்த முடிபு அல்ல. விளைவு உண்மைதானா என்பதே இன்னும் வழக்காடு பொருள். 2016-இல் பர்ரிட்ஜ், லிண்டன் என்ற இருவர், வெப்பமானியை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் மாற்றி வைத்தாலே இத்தகைய மயக்கம் தோன்றக்கூடும் என்று காட்டினர். 2020-இல் கனடாவில் அவினாஷ் குமாரும் ஜான் பெக்ஹோஃபரும் நீரிலுள்ள ஒரு நுண்துகளைக் கொண்டு இதற்கு நிகரான விளைவை ஐயத்துக்கு இடமின்றி நிறுவினர். ஆனால், அது பனிக்கட்டி அல்ல.

ஐயமுள்ளோர் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரே வகைப் பாத்திரம், ஒரே அளவு நீர், பனிப்படலம் அகற்றிய பெட்டி ஆகியவை வேண்டும். முதல் பனித்துணுக்கா, முழுதும் இறுகுவதா, எதை 'உறைதல்' என்று கொள்வது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும்.