சுற்று வழியே சீக்கிர வழி

எங்களில் சிலர் ஏரிக்கு அப்பாலுள்ள குப்பங்களிலிருந்து படகேறிப் பள்ளிக்கு வருகிறவர்கள். எதிர்க்காற்று அடிக்கும் நாட்களில் மணி அடித்த பிறகே வந்து சேருவோம். "கண்ணுக்கெட்டும் தூரந்தானே, இவ்வளவு நேரமா?" என்று பூகோளம் நடத்தும் சிஸ்டர் ஒரு நாள் கேட்டார்கள். அன்று தலையைக் குனிந்துகொண்டோம். பதிலை இப்போது எழுதுகிறோம்.

பழவேற்காடு ஏரி பார்வைக்குத்தான் கடல். சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டரே. நேராக விட்டால் படகு சேற்றில் தட்டிவிடும். ஆகவே படகோட்டும் அண்ணன் ஆழம் பார்த்துச் சுற்றித்தான் வருவார். பாய் கட்டிய காலத்தில் காற்றைப் பிடிப்பதற்காகத் தாத்தாமார் இன்னும் அதிகமாகச் சுற்றினார்களாம்.

ஆகாய விமானத்துக்குச் சேறு ஏது என்று கேட்கலாம். ஆனால் அதுவும் நம் கண்ணுக்கு நேராகத் தெரியும் வழியில் போவதில்லை. வகுப்பில் தொங்கும் உலகப் படத்தில் சான்பிரான்சிஸ்கோவையும் பெங்களூரையும் அளவுகோலால் இணைத்தால், கோடு அட்லாண்டிக் கடலையும் ஆப்பிரிக்காவையும் தாண்டி வருகிறது. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். அது வடதுருவத்தின் அருகே ஏறி இறங்கும்! அதுவே குறுகிய வழி, 13,993 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில், பெண் விமானிகள் மட்டுமே ஏர் இந்தியா விமானத்தை வடதுருவத்தின் மேலாக ஓட்டிப் பெங்களூரில் இறக்கினார்கள். பயணம் 17 மணி நேரத்துக்கு மேல். இந்த வரியை நாங்கள் இரண்டு முறை படித்தோம்.

குறுகிய வழிதான் சீக்கிர வழியா? அதுவும் இல்லை. டில்லியிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே அட்லாண்டிக் வழியாகச் சென்றால் சுமார் 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் ஏர் இந்தியா கிழக்கே திரும்பி, பசிபிக் வழியாக 15,300 கிலோமீட்டர் பறந்தது. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் அதிகம். ஆயினும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னதாக, பதினான்கரை மணியில் போய்ச் சேர்ந்தது.

காரணம் காற்றே. சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு பெரும் காற்றோட்டம் ஓடுகிறது. ஜெட் காற்று என்பார்கள். மேற்கே போனால் அது எதிர்க்காற்று. கிழக்கே போனால் முதுகில் தள்ளும் காற்று. 15,300ஐ 14.5ஆல் வகுத்துப் பார்த்தோம். மணிக்கு 1,055 கிலோமீட்டர் வருகிறது. அத்தகைய விமானத்தின் சொந்த வேகம் மணிக்குச் சுமார் 900தான். மீதியெல்லாம் காற்று கொடுத்த தருமம்!

இன்னொரு வேடிக்கை. அந்த விமானம் ஞாயிறு அதிகாலை புறப்பட்டு, அதே ஞாயிறு காலையிலேயே இறங்கியது. வழியில் தேதிக்கோட்டைக் கடந்ததால் ஒரு நாள் திரும்பக் கிடைத்துவிட்டது. எங்கள் ஏரியில் அப்படி ஒரு கோடு இல்லை. ஆகவே சிஸ்டர், எதிர்க்காற்று நாட்களில் மட்டும் பத்து நிமிடம் பொறுத்தருள வேண்டுகிறோம்.

— பத்தாம் வகுப்பு மாணவியர்