பாட்டே பேச்சாக: சங்கரதாசு சுவாமிகளின் இசைநாடகம்

நாடகத்தில் பாட்டு எதற்கு? கதையைச் சற்றே நிறுத்திச் செவிக்கு இன்பம் தருவதற்கா, கதையையே நடத்திச் செல்வதற்கா? இவ்வினாவிற்குத் தம் படைப்புகளால் விடை தந்தவர் சங்கரதாசு சுவாமிகள் (1867 – 1922).

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சுவாமிகள், பழநி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்றார். நடிகராகவும் ஆசிரியராகவும் நாடகக் குழுக்களில் பணியாற்றினார். பவளக்கொடி, சதி சுலோசனா, கோவலன், வள்ளி திருமணம் உள்ளிட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களை இயற்றினார்.

இத்தாலியில் 1600ஆம் ஆண்டையொட்டித் தோன்றிய ஆப்பெரா என்னும் இசைநாடகத்தில் உரையாடலும் பாடப்படும். சுவாமிகளின் நாடகங்களிலோ விருத்தமும் கீர்த்தனையும் உரைநடையும் கலந்து வரும். அவையோர் அனைவரும் கேட்க வேண்டிய வாதமும், ஒரு நெஞ்சம் தனக்குள் சொல்லிக்கொள்ளும் ஏக்கமும் அவற்றில் பாட்டாகவே வெளிப்படும்.

வள்ளி திருமணத்தைச் சான்றாகக் கொள்வோம். தினைப்புனத்துப் பரண்மீது தனித்து நிற்கும் வள்ளி, கதிர் கொத்த வரும் பறவைகளை ஆலோலம் பாடி ஓட்டுகிறாள். அது காவற்பாட்டு; அவளது தனிமையின் பாட்டும் அதுவே. பின்னர் முருகன் வேடனாக வருகிறான். பாட்டு வழக்காடலாக மாறுகிறது. ஒருவர் விடுத்த வினாவிற்கு மற்றவர் பாட்டாலேயே விடையிறுக்கிறார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைநிற்க, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்குமாறு உச்சக் குரலில் பாட வேண்டியிருந்தது.

இவ்வழக்காடலில் ஓர் இடரும் இருந்தது. நடிகர் சிலர் தம் திறமையைக் காட்டும் விருப்பில் கதையை விட்டு விலகி வாதிட்டனர். நாடகத்தின் கட்டுக்கோப்புக் குலைந்தது. இதனைச் சீர்செய்ய விரும்பிய சுவாமிகள், 1918இல் மதுரையில் ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’ என்னும் சிறுவர் நாடகக் குழுவை நிறுவினார். சிறுவர்கள் குழுவிலேயே தங்கி, பாட்டையும் உரையாடலையும் பிழையின்றிப் பயின்றனர். பிற்காலத்தில் புகழ்பெற்ற டி.கே.எஸ். சகோதரர்கள் இக்குழுவில் பயின்றவர்களே.

சுவாமிகள் மறைந்து நூறாண்டுகள் கடந்துவிட்டன. இன்றும் சிம்மக்கல் முதலான மதுரை நகர்ப்பகுதிகளைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களின் கோவில் திருவிழாக்களில் வள்ளி திருமணம் விடிய விடிய நடைபெறுகிறது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகை ஏதுமின்றி மேடையேறுகின்றனர். உரையாடலை அவ்வப்போதே புனைந்து பேசுகின்றனர். ஆயினும் கதை சிதறுவதில்லை. அடுத்து வரவேண்டிய பாட்டு எதுவென அனைவரும் அறிந்திருப்பதே அதற்குக் காரணம். சுவாமிகளின் பாட்டு நாடகத்திற்கு அணியன்று. அதனைத் தாங்கும் தூணாகும்.