பெற்றோர் விவரம் கேட்கும் படிவமும் பெற்றோர் துணையில்லாத பிள்ளைகளும்

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்கு அரசின் பண உதவி வேண்டுமென்றால் 'ஃபாஃப்சா' என்ற விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. 24 வயதாகாத மாணவர் என்றால், பொதுவாகப் பெற்றோரின் வருமான விவரத்தையும் ஒப்புதலையும் அது கேட்கும். வளர்ப்புக் குடும்பங்களில் மாறி மாறி வளர்ந்த பிள்ளையும், வீட்டைவிட்டு அனுப்பப்பட்டு நண்பர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அந்த இடத்தில் திகைத்து நின்றுவிடுகிறார்கள். நமக்கு இது கிடைக்காது என்று விட்டுவிடுபவர்களும் உண்டு. சட்டம் அவர்களுக்கு வழி வைத்திருக்கிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதுதான் வேதனை.

13 வயதுக்குப் பிறகு எப்போதாவது அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் இருந்தவரை, பின்னர் தத்தெடுக்கப்பட்டிருந்தாலும், சட்டம் 'தற்சார்பு மாணவர்' என்றே கணக்கிடுகிறது. பெற்றோரின் வருமானத்தை அவர் காட்ட வேண்டியதில்லை.

பெற்றோர் துணையின்றி வீடற்றுத் தவிக்கும் பிள்ளைகளுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தகுதியைத் தந்தது. தெருவோரத்தில் படுப்பவர் மட்டும்தான் வீடற்றவர் என்பதில்லை. கார், காப்பகம், மலிவான விடுதி, தெரிந்தவர் வீட்டு சோபா என்று நிலையான இருப்பிடமில்லாமல் நாளைக் கடத்துபவரும் வீடற்றவரே.

இதற்குச் சான்று தேவை. அமெரிக்காவின் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் வீடற்ற மாணவர்களுக்கென ஒரு தொடர்பு அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரது கடிதம் போதும். காப்பகப் பொறுப்பாளரும் தரலாம். இவை எதுவும் கிடைக்காவிட்டால், மாணவரின் எழுத்து வாக்குமூலத்தையோ நேர்காணலையோ வைத்துக் கல்லூரியின் நிதியுதவி அலுவலகமே முடிவெடுக்க வேண்டும். பிள்ளை எதனால் வீடிழந்தது என்ற காரணம் அந்த முடிவைப் பாதிக்கக் கூடாது. அடியையும் அவமானத்தையும் ஒரு மேசைக்கு முன்னால் மறுபடி விவரிக்க வைப்பது கொடுமை. 2020 டிசம்பரில் நிறைவேறிய ஃபாஃப்சா சீர்திருத்தச் சட்டத்தின் நல்ல அம்சங்களில், காரணத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்ற இந்த விதியும் ஒன்று. ஒருமுறை இந்தத் தகுதி கிடைத்துவிட்டால், நிலைமை மாறாதவரை அதே கல்லூரியில் ஆண்டுதோறும் நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

கிடைக்கும் தொகை சிறியதல்ல. திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பெல் மானியம் 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். வளர்ப்புப் பராமரிப்பிலிருந்து வயது நிறைந்து வெளியேறியவர்கள் சேஃபி கல்வி உதவியாக ஆண்டுக்கு 5,000 டாலர் வரை பெறலாம். டெக்சாஸ், புளோரிடா போன்ற மாநிலங்களில் தகுதியுள்ளவர்களுக்குக் கல்விக் கட்டணமே விலக்கு.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களே, இப்படி ஒரு பிள்ளையைத் தெரிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்ப உதவுங்கள். கடிதம் வந்துசேர முகவரி இல்லையென்றால், உங்கள் முகவரியைக் கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு அனுமதி உண்டு. பள்ளி அலுவலரின் சான்றுக் கடிதத்தைக் கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடச் சொல்லுங்கள்.